வங்கி அறிக்கைக் கோப்பு கணக்கோடு ஒத்துப்போகாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கணக்கு மென்பொருளில் வங்கி அறிக்கையை ஏற்றிய பிறகு இறுதி இருப்பு ஒத்துப்போகவில்லை என்றால், பெரும்பாலானோர் உடனே பொருத்தும் திரைக்குச் சென்று பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்குகிறார்கள். அரை நாள் கழிந்த பிறகுதான், பேரேட்டில் குறையே இல்லை, வங்கி தந்த கோப்பை மென்பொருள் தவறாகப் படித்திருக்கிறது என்பது தெரியவருகிறது. சிறு நிறுவனங்களுக்காக இத்தகைய கோப்புகளைப் படிக்கும் பார்சர் நிரல்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்றே ஒன்றுதான்: கோப்பு சரியாகப் படிக்கப்பட்டதா என்பதை அந்தக் கோப்பில் உள்ள எண்களைக் கொண்டே முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும், அதுவரை பேரேட்டைத் திறக்கவே கூடாது. கீழே உள்ள அறிகுறிகளும் அந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன.

தொடங்கும் முன்

வங்கியின் இணையதளத்திலிருந்து இறக்கிய கோப்பை எதிலும் திறக்காமல் முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். எக்ஸ்செல்லில் திறந்து பார்த்துவிட்டு, மூடும்போது சேமிக்கவா என்று அது கேட்பதற்கு யோசிக்காமல் 'ஆம்' என்று அழுத்திய சிஎஸ்வி கோப்பு (நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரித்த வெற்று உரை) இனி மூலக் கோப்பு ஆகாது. தேதிகளும் காசோலை எண்களும் பரிவர்த்தனை எண்களும் அந்த ஒரே அழுத்தத்தில் உருமாறியிருக்கக் கூடும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு நோட்பேட் போன்ற எளிய உரைத் திருத்தி போதுமானது.

பின்னர் கோப்பிலிருந்தே தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்சர் படித்த வரவுகளைத் தொடக்க இருப்போடு கூட்டி, பற்றுகளைக் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். இங்கே வரவும் பற்றும் வங்கியின் பார்வையில் உள்ளவை என்பதைக் கணக்கர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; நிரல் எழுதுவோருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ரொக்க ஏட்டில் பற்றாக எழுதப்படும் வசூல், வங்கி அறிக்கையில் வரவாக நிற்கும்.

மொத்தக் கூட்டல் தவறினால், ஒவ்வொரு வரியிலும் உள்ள நடப்பு இருப்பைப் பயன்படுத்துங்கள். முந்தைய வரியின் இருப்போடு இந்த வரியின் வரவைக் கூட்டியோ பற்றைக் கழித்தோ பார்த்தால் இந்த வரியின் இருப்பு கிடைக்க வேண்டும். முதன்முதலில் கிடைக்காமல் போகும் வரியில்தான் பிழை இருக்கிறது. ஆயிரம் வரிகள் கொண்ட கோப்பில் தேட வேண்டிய இடத்தை ஒரே வரியாகச் சுருக்கித் தரும் இந்தச் சோதனையை எழுதப் பத்து நிமிடம்கூட ஆகாது. சில வங்கிகள் புதிய பதிவை மேலேயும் பழையதைக் கீழேயும் வைத்துத் தருவதால், எல்லா வரிகளும் தவறுவதாகத் தெரிந்தால் வரிசையைத் தலைகீழாக்கி மறுபடி சோதியுங்கள்.

வித்தியாசமாக வரும் தொகையும் ஒரு தடயம். அது ஏதேனும் ஒரு பதிவின் தொகைக்குச் சமமாக இருந்தால் அந்தப் பதிவு விடுபட்டிருக்கலாம் அல்லது இருமுறை ஏறியிருக்கலாம். அதன் பாதி ஒரு பதிவின் தொகையாக இருந்தால், அந்தப் பதிவு வரவுக்குப் பதில் பற்றாகவோ பற்றுக்குப் பதில் வரவாகவோ படிக்கப்பட்டிருக்கிறது. வித்தியாசம் ஒரு பைசாவின் மிகச் சிறிய பின்னமாக, பத்துப் பதினைந்து தசம இலக்கங்களுடன் நீண்டு நின்றால், தொகைகளை மிதவைப் புள்ளி எண்களாக (தசமங்களைத் தோராயமாகவே சேமிக்கும் எண் வகை) வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். பைசாவில் முழு எண்ணாகவோ நிரல்மொழி தரும் தசம வகையிலோ மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: கோப்பு ஏறவில்லை, அல்லது ஏறியும் ஒரு பதிவுகூட இல்லை

எக்ஸ்எல்எஸ் என்று பெயர் முடியும் கோப்புகள் எல்லாம் எக்ஸ்செல் கோப்புகள் ஆகிவிடுவதில்லை. டேப் இட்டுப் பிரித்த வெற்று உரையையோ இணையப் பக்கத்தின் அட்டவணையையோ அந்தப் பெயரில் தரும் வங்கிகள் உண்டு. எக்ஸ்செல் ஓர் எச்சரிக்கையோடு அவற்றைத் திறந்துவிடுவதால் பயனருக்குச் சந்தேகம் வருவதில்லை, ஆனால் பார்சர் மறுத்துவிடும். கோப்பை உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள்: 'பிகே' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அது உண்மையான புதிய வகை எக்ஸ்செல் கோப்பு, '<' குறியில் தொடங்கினால் இணையப் பக்கம் அல்லது எக்ஸ்எம்எல் (தரவைக் குறிச்சொற்களுக்குள் வைக்கும் உரை வடிவம்), படிக்கக்கூடிய முகவரியும் கணக்கு எண்ணும் தெரிந்தால் வெற்று உரை. பெயரின் வாலை நம்பாமல் உள்ளடக்கத்தின் தலையைப் பார்த்து வகை பிரிக்குமாறு நிரலை எழுதுவதே நிரந்தரத் தீர்வு.

சிஎஸ்வி கோப்புகளில் அட்டவணை தொடங்குவதற்கு முன் கணக்கு வைத்திருப்பவரின் பெயர், முகவரி, கிளை, ஐஎஃப்எஸ்சி என்று பதினைந்து இருபது வரிகள் நிற்கும். 'முதல் 18 வரிகளைத் தாண்டு' என்று எழுதப்பட்ட நிரல், முகவரியில் ஒரு வரி கூடியதும் தலைப்பு வரிசையையே விழுங்கிவிடும். தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு ஆகிய தலைப்புகளில் குறைந்தது நான்கு ஒரே வரியில் எங்கே வருகின்றன என்று தேடி, அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள். தலைப்பு கோப்பின் முதல் வரியிலேயே இருந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் முதல் நெடுவரிசை மட்டும் கிடைக்கவில்லை என்றால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத யுடிஎஃப்-8 அடையாளக் குறி மூன்று பைட்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கிவிட்டுப் படித்தால் போதும்.

ஐஎஸ்ஓ 20022 தரத்தில் எக்ஸ்எம்எல் வடிவில் வரும் வங்கி அறிக்கையான காம்ட்.053 கோப்பு நேற்று வரை ஏறியது, இன்று பிழைச் செய்தி எதுவும் இன்றிப் பூஜ்யம் பதிவுகள் என்கிறது என்றால், வங்கி பதிப்பை மாற்றியிருக்கிறது. கோப்பின் முதல் சில வரிகளில் உள்ள பெயர்வெளி முகவரி (குறிச்சொற்கள் எந்தப் பதிப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் பெயர்) 001.02 என்று முடிந்த இடத்தில் இப்போது 001.08 என்று முடிகிறதா என்று பாருங்கள். பெயர்வெளியைச் சேர்த்தே குறிச்சொற்களைத் தேடும் நிரலுக்குப் புதிய பதிப்பில் ஒரு குறிச்சொல்கூடத் தெரியாது. அதைச் சரிசெய்த பிறகும் இரண்டு இடங்கள் மிச்சம் இருக்கும். பழைய பதிப்பில் பதிவின் நிலையைச் சொல்லும் குறிச்சொல்லுக்குள் நேரடியாக இருந்த குறியீடு, புதிய பதிப்பில் இன்னொரு படி உள்ளே சென்றுவிட்டது. பணம் அனுப்பியவரின் பெயரும் அவ்வாறே ஒரு படி உள்ளே போய்விட்டது. எனவே பதிவுகள் வந்து பெயர்கள் மட்டும் வெறுமையாக இருந்தாலும் காரணம் இதுதான்.

அறிகுறி: பதிவுகள் வேறு மாதத்திலோ வேறு ஆண்டிலோ போய் உட்காருகின்றன

ஏப்ரல் மாத அறிக்கையை ஏற்றியதும் முதல் பன்னிரண்டு நாள்களின் பதிவுகள் ஜனவரி முதல் டிசம்பர் வரை சிதறி, பதின்மூன்றாம் தேதி முதலானவை மட்டும் ஏப்ரலில் நின்றாலோ ஏற மறுத்தாலோ, நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் மூன்று. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு மார்ச் நான்கு. நான்காம் தேதிப் பதிவுகள் மட்டும், 04/04 என்பதால், எப்படிப் படித்தாலும் சரியாகவே நிற்கும். மாதிரி பார்க்கிறேன் என்று அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். நிரலில் தேதியின் வடிவத்தை ஊகிக்க விடாதீர்கள். வங்கி வாரியாக வடிவத்தை எழுதிவைத்து, வரிகளின் தேதிகள் ஒரே திசையில் ஏறவோ இறங்கவோ செய்கின்றனவா என்பதையும் ஏற்றும்போதே சோதியுங்கள்.

தேதிக்குப் பதில் 45383 போன்ற ஐந்திலக்க எண் வந்தால் அது எக்ஸ்செல்லின் நாள் எண். 45383 என்பது 2024 ஏப்ரல் 1. மாற்றிய தேதிகள் அனைத்தும் ஒரே சீராக நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளிப்போயிருந்தால், கோப்பு 1904-ஐத் தொடக்கமாகக் கொண்ட நாள்கணக்கில் இருக்கிறது. 1,462 நாள்களைச் சரிக்கட்டுங்கள்.

வங்கிகளுக்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் அமைப்பின் வங்கி அறிக்கை வடிவமான எம்டி940 கோப்புகளில் ஆண்டின் தொடக்கத்தில் மட்டும் தலைகாட்டும் ஒரு பிழை உண்டு. ஒவ்வொரு பதிவையும் தாங்கும் :61: வரியில் மதிப்புத் தேதி (வட்டிக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் நாள்) ஆண்டுடன் ஆறு இலக்கமாகவும், அதை அடுத்துவரும் பதிவுத் தேதி ஆண்டின்றி நான்கு இலக்கமாகவும் எழுதப்படும். 231231 என்ற மதிப்புத் தேதிக்குப் பின் 0102 வந்தால் அது 2024 ஜனவரி 2. மதிப்புத் தேதியின் ஆண்டை அப்படியே எடுத்து ஒட்டும் நிரல் அதை 2023 ஜனவரி 2 ஆக்கிவிடும். அந்தப் பதிவு ஏற்கெனவே முடித்துப் பூட்டப்பட்ட நிதியாண்டுக்குள் சென்று விழும். முந்தைய ஆண்டு, இதே ஆண்டு, அடுத்த ஆண்டு ஆகிய மூன்றையும் ஒட்டிப் பார்த்து, மதிப்புத் தேதிக்கு மிக நெருங்கியதைத் தேர்ந்தால் இந்தப் பிழை மீண்டும் வராது.

அறிகுறி: சில தொகைகள் பத்து மடங்கு, சில நூறு மடங்கு, சில சரியாக

இதைக் கண்டவுடன் எம்டி940-இன் தசமக் குறியை நினைவுகொள்ளுங்கள். அங்கே காற்புள்ளிதான் தசமக் குறி, ஆயிரங்களைப் பிரிக்கும் குறியே கிடையாது. நம் சிஎஸ்வி கோப்புகளில் 1,25,000.00 என்று வருவதைப் படிக்கக் காற்புள்ளிகளை நீக்கிப் பழகிய நிரலை அப்படியே எம்டி940-க்கும் பயன்படுத்தினால், 15000,00 என்பது பதினைந்து லட்சமாகிவிடும். காற்புள்ளி கட்டாயம், அதற்குப் பின் இலக்கங்கள் கட்டாயம் இல்லை என்பதால் 15000, என்று எழுதும் வங்கியின் கோப்பில் அதே பிழை வெளியே தெரியாது. 118,5 என்று வந்தால் 1185 ஆகிப் பத்து மடங்காகும். பெருக்கம் சீராக இல்லாததால் பலர் இதைத் தரவுக் கோளாறு என்று நினைத்து வங்கிக்கு எழுதுகிறார்கள். குறை வங்கியிடம் இல்லை.

சிஎஸ்வி கோப்பில் இதற்கு எதிர்மாறான சிக்கல் வரும். மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கும் வழக்கத்துக்கு எழுதப்பட்ட வெளிநாட்டு நூலகம் லட்சக் காற்புள்ளியைக் கண்டு தொகையை நிராகரிக்கலாம். விவரக் குறிப்புக்குள் மேற்கோள் குறியில்லாமல் ஒரு காற்புள்ளி வந்துவிட்டால் நெடுவரிசைகள் ஒன்று தள்ளிப்போய், இருப்பு வர வேண்டிய இடத்தில் வரவுத் தொகை வந்து நிற்கும். அத்தகைய வரிகளை இடமிருந்து எண்ணாமல் வலமிருந்து எண்ணிப் பிரியுங்கள். தொகையின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் பிரியா இடைவெளிக் குறி சாதாரண இடைவெளி போலவே தெரிந்தாலும், சாதாரண இடைவெளியை மட்டும் நீக்கும் நிரலுக்குச் சிக்காது என்பதையும் கவனியுங்கள்.

அறிகுறி: வித்தியாசம் ஒரு தொகையின் சரியான இரு மடங்கு

குறி மாறிய பதிவு என்று மேலே சொன்னது இதுதான். எனக்கு வரும் கேள்விகளில் அதிக நேரத்தை விழுங்குவதும் இதுவே என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

எம்டி940-இன் :61: வரியில் தேதிகளுக்குப் பின் வரவு பற்றுக் குறி வருகிறது. 'சி' என்றால் வரவு, 'டி' என்றால் பற்று, 'ஆர்சி' என்றால் வரவை நீக்கும் எதிர்ப்பதிவு, 'ஆர்டி' என்றால் பற்றை நீக்கும் எதிர்ப்பதிவு. வரவை நீக்கினால் இருப்பு குறையும், பற்றை நீக்கினால் கூடும். இதுவரை குழப்பம் இல்லை. ஆனால் குறிக்கும் தொகைக்கும் இடையே நாணயக் குறியீட்டின் மூன்றாம் எழுத்தை வங்கி விருப்பப்பட்டால் சேர்க்கலாம். ரூபாயின் குறியீடு ஐஎன்ஆர். அதன் மூன்றாம் எழுத்து 'ஆர்'. யூரோவின் இயூஆருக்கும் அதே எழுத்துதான். ஆகவே ரூபாய்க் கணக்கில் 'டிஆர்118,00' என்று வந்தால் அது 118 ரூபாய்ப் பற்று. 'ஆர்டி118,00' என்று வந்தால் 118 ரூபாய் திரும்பக் கிடைத்திருக்கிறது. 'ஆர்டிஆர்118,00' என்று வந்தாலும் அதே பொருள், நாணய எழுத்து மட்டும் கூடுதல்.

குறியின் இடத்தில் எங்கேனும் 'ஆர்' இருந்தால் எதிர்ப்பதிவு என்று எழுதப்பட்ட நிரல், நாணய எழுத்தைச் சேர்க்கும் வங்கியின் ரூபாய்க் கோப்பு முழுவதையும் தலைகீழாக்கிவிடும். 'டி' இருந்தால் பற்று என்று எழுதப்பட்ட நிரல் எதிர்ப்பதிவுகளில் மட்டும் தவறும். அவை மாதத்துக்கு ஒன்றிரண்டே வருவதால் பிழை பல மாதங்கள் மறைந்தே கிடக்கும். சரியான முறை எழுத்துகளை இடமிருந்து உண்பதுதான்: முதல் எழுத்து 'ஆர்' என்றால் குறி இரண்டு எழுத்து, இல்லாவிட்டால் ஓர் எழுத்து, குறி முடிந்த பின் இன்னும் ஓர் எழுத்து நின்றால் அது நாணயம், அதன் பின் வருவது தொகை. நம் வங்கிகளின் சாதாரண அறிக்கைகளில் தொகைக்குப் பின்னால் வரும் 'டிஆர்' டெபிட் என்பதன் சுருக்கம். எம்டி940-இல் தொகைக்கு முன்னால் வரும் அதே இரண்டு எழுத்துகள் டெபிட்டும் ரூபாயும். இரண்டும் தற்செயலாக ஒரே விடையைத் தருவதால்தான் இந்தப் பிழை சோதனையில் பிடிபடாமல் தப்பித்துக்கொள்கிறது.

எம்டி940-இல் இதைக் கற்றுக்கொண்டு காம்ட்.053-க்கு வருபவர்கள் நேர்மாறான தவற்றைச் செய்கிறார்கள். அங்கே வரவா பற்றா என்பதைச் சொல்லும் குறிச்சொல் இருப்பின் மீதான உண்மையான விளைவையே சொல்லிவிடுகிறது. எதிர்ப்பதிவு என்று தனியே வரும் குறி ஒரு தகவல் மட்டுமே. அதைக் கண்டு நிரல் மறுபடியும் குறியைத் திருப்பினால் வித்தியாசம் இரு மடங்காகும்.

மூன்றாவது இடம் இருப்பைத் தாண்டியும் பணம் எடுக்க விடும் ரொக்கக் கடன் கணக்குகளும் மேல்வரைப்பற்றுக் கணக்குகளும். இங்கே பதிவுகள் சரியாகவே படிக்கப்பட்டிருக்கும், இருப்புதான் தவறாகப் படிக்கப்பட்டிருக்கும். நாற்பதாயிரம் வரவு இருப்பு உள்ள கணக்கிலிருந்து ஒரு லட்சம் செலுத்தினால் 60,000.00 டிஆர் என்று அறிக்கை காட்டும். எண்ணுக்குப் பின் உள்ள எழுத்துகளைக் குப்பை என்று நீக்கும் நிரல் அதை நேர் எண்ணாக எடுத்துக்கொண்டு, 1,20,000 வித்தியாசம் இருப்பதாகச் சொல்லும். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் வரியிலிருந்து சோதனை தவறத் தொடங்கினால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

அறிகுறி: ஒரு பதிவு இருமுறை ஏறுகிறது, அல்லது உண்மையான பதிவு காணாமல் போகிறது

இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம், ஒன்றைத் தடுக்கப் போய்த்தான் மற்றொன்று பிறக்கிறது. ஏப்ரல் 1 முதல் 15 வரை ஒரு கோப்பும் 10 முதல் 30 வரை இன்னொரு கோப்பும் ஏற்றினால் இடையில் உள்ள ஆறு நாள்கள் இரட்டிக்கும். அதைத் தடுக்கத் தேதி, தொகை, விவரக் குறிப்பு மூன்றையும் சேர்த்து ஒரு சாவி செய்து, அந்தச் சாவி ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு என்று எழுதுவது வழக்கம். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஒரு நூற்பாலையின் கணக்கில் மாத இறுதியில் 64 ரூபாய் 90 பைசா இடித்தது. எந்தப் பதிவின் தொகையும் அது இல்லை, அதன் பாதியும் இல்லை. நடப்பு இருப்புச் சோதனையை ஓட்டியபோது பதினொரு இடங்களில் சங்கிலி அறுந்திருந்தது, ஒவ்வோர் இடத்திலும் 5.90. ஐந்து ரூபாய்க் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்த தொகை. ஒரே நாளில் ஒரே விவரக் குறிப்புடன் இருமுறை பிடிக்கப்பட்ட இடங்களில் எல்லாம் இரண்டாவதை என் நிரல் போலி என்று தள்ளியிருந்தது.

இதற்கு நான் கண்ட வழி, சாவியை நீளமாக்குவதை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்ப்பது. ஒரு சாவி கோப்பில் மூன்று முறையும் மென்பொருளில் இரண்டு முறையும் இருந்தால் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். இது சரியாக நடக்க, கோப்பு முழு நாள்களைக் கொண்டிருக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் நாளின் பதிவுகளை ஏற்றாமல் நேற்றுடன் நிறுத்திக்கொள்வது நல்லது. நடப்பு இருப்பையும் சாவியில் சேர்க்கலாமே என்று கேட்பார்கள். பகலில் இறக்கிய கோப்பிலும் நாள் முடிந்த பின் இறக்கிய கோப்பிலும் பதிவுகளின் வரிசை மாறியிருந்தால் இருப்புகளும் மாறி, எல்லாமே புதிய பதிவுகளாகத் தெரியும். கணக்கு மென்பொருள்களுக்காக வங்கிகள் தரும் இன்னொரு வடிவமான ஓஎஃப்எக்ஸ் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் வங்கி தரும் தனி அடையாள எண் இருக்கிறது. அதை முதன்மையாகக் கொள்ளுங்கள்.

காம்ட்.053-இல் இரட்டிப்பு வேறு வழியில் வரும். 48 தொழிலாளர்களுக்குத் தலா 15,000 வீதம் ஒரே தொகுப்பாகச் சம்பளம் அனுப்பினால், வங்கி 7,20,000-க்கு ஒரே பதிவும் அதற்குள் 48 விவரங்களும் தரலாம். மேல் நிலையில் உள்ள தொகையையும் உள்ளே உள்ள தொகைகளையும் சேர்த்துக் கூட்டும் நிரல் 14,40,000 என்று சொல்லும். இருப்பைக் கணக்கிட மேல் நிலை, பேரேட்டுடன் பொருத்த உள் நிலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எம்டி940-இல் நடுவில் உள்ள பதிவுகள் கூட்டமாகக் காணாமல் போனால், அறிக்கை பல பக்கங்களாகப் பிரிந்து வந்திருக்கிறது. முதல் பக்கத்தின் தொடக்க இருப்பு :60எஃப்: என்றும் அடுத்தடுத்த பக்கங்களின் இடைக்காலத் தொடக்க இருப்பு :60எம்: என்றும் வரும், முடிவில் :62எம்:, கடைசிப் பக்கத்தில் மட்டும் :62எஃப்:. 'எஃப்' மட்டும் தெரிந்த நிரல் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தவிர மற்றவற்றைக் கைவிட்டுவிடும். :28சி: வரியில் அறிக்கை எண்ணும் அதைத் தொடர்ந்து சாய்கோட்டுக்குப் பின் பக்க எண்ணும் இருப்பதால், பக்கம் ஏதேனும் விடுபட்டதா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம்.

அறிகுறி: பிடிஎஃப்பிலிருந்து எடுத்த பதிவுகள் குழம்புகின்றன

வேறு வடிவில் கோப்பு கிடைக்கிறது என்றால் பிடிஎஃப்பைத் தொடாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அதில் நெடுவரிசை என்று ஒன்று கிடையாது, தாளில் எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது மட்டுமே இருக்கிறது. வரவு நெடுவரிசை வெறுமையாக இருக்கும்போது பற்றுத் தொகை எந்த நெடுவரிசைக்கு உரியது என்பதை இடத்தின் அளவைக் கொண்டுதான் சொல்ல முடியும். வேறு வழியில்லாதபோது, நடப்பு இருப்பு ஏறியதா இறங்கியதா என்பதைக் கொண்டு வரவு பற்றைத் தீர்மானியுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தலையிலும் வரும் 'கீழ்க்கொண்டு சென்றது', 'மேல்கொண்டு வந்தது' வரிகளைப் பதிவுகளாக எண்ணிவிடாமலும், தேதியில்லாமல் வரும் வரியை முந்தைய பதிவின் விவரக் குறிப்பின் தொடர்ச்சியாகவும் கொள்ளுங்கள்.

அறிகுறி: கூட்டல் எல்லாம் சரி, ஆனால் எதுவும் பொருந்தவில்லை

இப்போதுதான் பேரேட்டைத் திறக்க வேண்டும். முதலில் பரிவர்த்தனை எண்களின் நீளத்தை எண்ணிப் பாருங்கள்: நெஃப்ட் யுடிஆர் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தரப்படும் தனி அடையாள எண்) 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ் யுடிஆர் 22 எழுத்து, யுபிஐ குறிப்பு எண் 12 இலக்கம். யுபிஐ எண் 4.12346இ+11 என்ற உருவில் இருந்தால் கோப்பு எக்ஸ்செல் வழியாக வந்திருக்கிறது; காட்சிக்காகச் சுருக்கப்பட்ட அந்த உருவமே சிஎஸ்வியில் சேமிக்கப்பட்டுவிட்டதால் இழந்த இலக்கங்களை மீட்க முடியாது, வங்கியிலிருந்து மறுபடி இறக்க வேண்டியதுதான். காசோலை எண் 000123 என்பது 123 ஆனதும் இதே வழியில்தான், ஆனால் அதை ஆறு இலக்கமாக நிரப்பிக்கொள்ளலாம்.

யுடிஆர் முழுமையாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால் அது வரி முறிந்த இடத்தில் இரண்டாகியிருக்கும். எம்டி940-இன் :86: விவரப் பகுதி வரிக்கு 65 எழுத்து வீதம் ஆறு வரிகள் கொண்டது, ஒரு வரியின் இறுதியில் தொடங்கிய யுடிஆர் அடுத்த வரியில் முடியும். வரிகளை இடைவெளி இட்டுச் சேர்த்தால் எண் உடைகிறது, இடைவெளியின்றிச் சேர்த்தால் பெயர்கள் ஒட்டிக்கொள்கின்றன. மனிதர் படிக்க ஒன்று, தேடுவதற்கு எல்லா இடைவெளிகளையும் நீக்கிய இன்னொன்று என இரண்டு வடிவங்களையும் வைத்துக்கொள்வதே நடைமுறையில் உதவுகிறது.

தேதியைக் கொண்டு பொருத்தும் விதிகளில் ஞாயிறும் வங்கி விடுமுறையும் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும் எல்லா நாள்களிலும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகின்றன. அதற்கு முன் எழுதப்பட்ட விதிகள் ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் திங்களுக்குத் தள்ளிவைத்துத் தேடிக்கொண்டிருக்கும்.

இணையவழி வசூல் செய்யும் நிறுவனங்களில் விற்பனைத் தொகையே அறிக்கையில் இருக்காது. பத்தாயிரம் ரூபாய் விற்பனைக்கு இரண்டு சதவீதக் கட்டணம் 200, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36 என்று கழித்து 9,764 வரும். அதுவும் பல விற்பனைகள் சேர்ந்த ஒரே வரவாக வரும். இதற்கு வங்கிக் கோப்பில் விடை இல்லை. பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் தனியே தரும் தீர்வுப் பட்டியலையும் ஏற்றி, விற்பனைகளை முதலில் அதனுடன் பொருத்தி, அதன் நிகரத் தொகையை வங்கி வரவுடன் பொருத்த வேண்டும். கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் தனித்தனிக் கணக்கில் பதியாமல் வித்தியாசத்தைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டால் உள்ளீட்டு வரி வரவு (கட்டிய ஜிஎஸ்டியை நாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை) கைநழுவும்.

இவ்வளவுக்கும் பின் மிஞ்சுபவை பெரும்பாலும் கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலைகள். மார்ச் 30 அன்று கொடுத்த காசோலை ஏப்ரலில் பற்றாவது இயல்பு. அதைப் பொருத்துவதற்காகத் தேதியைத் திருத்தாமல் வங்கிச் சரிகட்டும் பட்டியலில் விட்டுவையுங்கள். 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் செல்லுபடிக் காலம் அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் என்பதால், ஜூலையிலும் அந்தப் பட்டியலில் நிற்கும் மார்ச் மாதக் காசோலையை எதிர்ப்பதிவு செய்து, பணம் பெற வேண்டியவரின் கணக்கில் மறுபடி வரவு வையுங்கள்.